மன்னியின் ஜீப்புக்கு ஒரு பம்ப்

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பழவங்காடி பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு ஃப்யூயல் பம்ப்புக்குத் தேங்காய் உடைத்தோம்.

வண்டிக்கு அல்ல. பம்ப்புக்கு! டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற சாமான்; சின்ன டார்ச் லைட் அளவில், வெள்ளி நிறத்தில் ஓர் உருளை. அதை அட்டைப்பெட்டியோடு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மன்னி நின்றாள். பெட்டியின் மேல் ஒரு தீற்று சந்தனம்.

தேங்காய்க்காரர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வண்டி எவிடே?"

"வண்டி வராது. இதை மாட்டினாத்தான் வரும்" என்றாள் மன்னி.

அவர் பெட்டியைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். "அப்போ ரெண்டெண்ணம் எடுத்தோ" என்று இன்னொரு தேங்காயையும் நீட்டினார். வியாபாரம் தெரிந்தவர்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு கேரளத்தில் இருக்கிற எங்கள் ஸ்ரீவராகம் தெரு பழக்கம்தான். எதிரெதிரே ரெண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய தெரு. மன்னி என்பவள் என் அண்ணாவின் மனைவி, வித்யா. கும்பகோணம் பக்கம். அவள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். அதைவிட உயரமான எதன் மேலும் வண்டியை ஏற்றியிருக்க மாட்டாள்.

ஜீப் அண்ணாவுடையது. ஒரு வேகத்தில் வாங்கினான் – பழைய பெட்ரோல் ஜீப், பச்சை நிறம், திறந்த உடம்பு. வாங்கிய பிறகுதான் அவனுக்கு ஓர் உண்மை தெரிந்தது: பொன்முடி ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அவன் வயிற்றுக்கும் ஒத்துப்போகாது. பாதி மலை ஏறுவதற்குள் ஓரமாக நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். மன்னி சாவியை வாங்கினாள். மிச்ச மலையை அவள்தான் ஏற்றினாள். அதற்கப்புறம் சாவி அண்ணாவிடம் திரும்பிப் போகவே இல்லை.

மன்னி எப்படி ஓட்டுவாள் தெரியுமா? மார்கழியில் எங்கள் தெரு முழுக்கக் கோலம். அத்தனை கோலத்துக்கும் நடுவில் ஜீப்பை ரிவர்ஸிலேயே எடுத்து முனை வரை போவாள். ஒரு புள்ளி அழியாது. எதிர்வீட்டு மாமி இதைச் சோதிப்பதற்காகவே கோலத்தை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டே வருகிறாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. "ஆஃப் சேச்சி". சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா.

பொன்முடி அடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மழைக்காலம் தோறும் ஜீப் போட்டி நடக்கும். சேறு, ஓடை, பாறை, கடைசியில் ஒரு செங்குத்துச் சரிவு. பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. மன்னி முதல்முறை கலந்துகொண்டபோது சரிவின் நடுவில் எஞ்சின் அணைந்தது. சரி, முதல்முறைதானே? அடுத்த முறையும் அதே சரிவு, கிட்டத்தட்ட அதே இடம். எஞ்சின் ஒரு விக்கல் விக்கி… ஆஃப்.

மைக்கில் இருந்தவர் விடுவாரா? "அய்யோ, பின்னேயும் ஆஃப் ஆயல்லோ! சேச்சீ, க்ளட்ச்! க்ளட்ச்!"

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "சேட்டனை விளிக்கணோ?" வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்கிறான்.

சேட்டன் அப்போது என் பக்கத்தில், ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஜீப் ஆடுவதைப் பார்த்ததற்கே அவனுக்குக் குமட்டியிருந்தது.

நாங்கள் சிரித்தோம். மன்னி சிரிக்கவில்லை. பட்டப்பெயர் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியது. அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் சமையலறைக்குள் போனேன். மன்னி தோசைக்கல்லின் முன் நின்றுகொண்டு இடது பாதத்தைத் தரையில் அமுக்கி, மெல்ல எடுத்து, மறுபடி அமுக்கி… அவளை அறியாமலே க்ளட்ச் பழகிக்கொண்டிருந்தாள்.

"என் கால்லதான் ஏதோ தப்பு இருக்குடீ, காயு. சரிவுல பயந்துண்டு டக்குனு எடுத்துடறேன் போல."

எனக்கு வந்த கோபம்! கோலப்புள்ளி அழியாமல் ஓட்டுகிற காலா அது?

என் கட்சி வேறு. பழைய ஜீப்பில் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுவது கார்புரேட்டர். அதற்குள் ஒரு சின்னக் கிண்ணம், அதில் பெட்ரோல். வண்டி மேலே தூக்கிக்கொண்டு நின்றால் கிண்ணமும் சாயும். காபி டபராவைச் சாய்த்துப் பாருங்கள் – ஒரு பக்கம் வழியும், மறுபக்கம் காயும். எஞ்சின் திணறாமல் என்ன செய்யும்? இந்தக் கால வண்டிகளில் அந்தக் கிண்ணமே கிடையாது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும். தலைகீழாய் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. எங்கள் ஜீப்பையும் அப்படி மாற்றிவிட்டால்? மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட விதி இடம் கொடுக்காது; போட்டிக்கு மட்டும் போகிற வண்டியாக வைத்துக்கொண்டு, தோட்டம் வரை லாரியில் ஏற்றிப் போய்விடலாம்.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். பிழைப்பு கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர். சாப்பிட்டுக்கொண்டே படிப்பது ஜீப் பற்றி. எனவே வண்டிக்கு மூளையாகிற கம்ப்யூட்டரும் வயரிங்கும் என் பொறுப்பு. இரும்பு வேலை ஜெஸ்டின் அண்ணனுடையது. மார்த்தாண்டத்துக்காரர், கரமனையில் ஒர்க் ஷாப். வேலையைப் பார்த்துக்கொண்டே வாயைக் கிண்டுவார்.

பிரித்துப் போட்ட ஒரு பழைய சின்னக் காரிலிருந்து, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்கள் கிடைத்துவிட்டன. எங்கள் சண்டை முழுக்க ஒரே விஷயத்தில் – அவற்றுக்கு அழுத்தம் கொடுக்க எந்த பம்ப்?

இன்டர்நெட்டைக் கேட்டால் ஒரே பதில்: இருப்பதிலேயே பெரியது. ரேஸ் பம்ப். ஜெஸ்டின் அண்ணனும் அதே கட்சி.

"பெருசாட்டு ஒண்ணு போடு மக்கா. பின்ன கெடந்து வருத்தப்படாண்டாம், பாத்துக்கோ."

"ஜெஸ்டின் அண்ணா, நம்ம எஞ்சின் குடிக்கிறதே கொஞ்சம். மிச்சப் பெட்ரோல் எங்க போகும்?"

"திரும்ப டேங்குக்குத்தான் போவும்."

"போகும், வரும், போகும், வரும். சுத்திச் சுத்திச் சூடாகும். டேங்க் எங்க இருக்கு?"

அவர் ஜீப்பைப் பார்த்தார். அந்தக் காலத்து ஜீப்பில் டேங்க் இருக்குமிடம் டிரைவர் சீட்டுக்கு அடியில்.

"மன்னி உக்கார்ற இடத்துக்கு நேர் கீழே நான் பெட்ரோல் காய்ச்ச மாட்டேன்" என்றேன்.

"விடுடீ" என்றாள் மன்னி. "பெரிய கார்க்காரா சீட் ஹீட்டருக்குன்னு தனியா குடுக்கறா. நமக்கு ஃப்ரீயா வரது."

டேங்குக்குள்ளேயே இறக்குகிற பம்ப் என்றால் பெட்ரோலே அதைக் குளிர்வித்துக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் எங்கள் டேங்க் டிஃபன் பாக்ஸ் மாதிரி தட்டை. எந்த பம்ப்பை இறக்கினாலும் தலை வெளியே நிற்கும். கடைசியில், குழாயோடு குழாயாக வெளியே பொருத்துகிற வகை. ஒரு சின்னக் கார் குடிக்கிற அளவு பாய்ச்சல், இன்ஜெக்டர் கேட்கிற மூன்று பார் அழுத்தம். கொச்சியிலிருந்து கூரியரில் வந்தது. பழவங்காடிக்குப் போனது அதுதான்.

பொருத்தினோம். எங்கே?

இதைக் கேரளத்தில் ஜீப் வைத்திருக்காதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். இங்கே மழை, ஓடை, இடுப்பளவு சேறு. ஆகவே எதை மாட்டினாலும் உயரத்தில் மாட்டுவோம். எஞ்சின் மூச்சு விடுகிற குழாய் கூரைக்குப் போகும். கியர்பாக்ஸின் காற்றுக்குழாய் மேலே போகும். நான் வைத்த கம்ப்யூட்டர் பெட்டி டாஷ்போர்டின் உச்சிக்குப் போனது. பம்ப்பும் போனது – டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தோள் உயரத்தில். அங்கேதான் வைக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேறெங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை. கை பழக்கத்தில் போல்ட் ஏறிவிட்டது.

நெடுமங்காட்டுப் பக்கம் ஜெஸ்டின் அண்ணனின் சிநேகிதருக்கு ஒரு மண்மேடு உண்டு. அங்கே சோதனை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்த அழகு இருக்கிறதே! சோக் இல்லை, இருமல் இல்லை. சமதரையில் மன்னி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜெஸ்டின் அண்ணன் விசிலே அடித்தார்.

பிறகு மேட்டில் ஏற்றினாள். பாதி தூரம். ஒரு விக்கல்.

ஆஃப்.

மன்னி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கல் வைக்கச் சொல்லி, இறங்கி வந்தாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"போறும், காயு. இப்போ கார்புரேட்டரும் இல்லே. இனிமே யார் தலையில பழியைப் போடறது? என் கால்தான்னு ஒத்துண்டுடலாம்."

"மன்னி, இருங்கோ…"

"நான் ஓட்டறதை விட்டுடறேன். நீ வேற யாரையாவது பார்த்துக்கோ."

அவள் கால் என்று நான் நம்பவில்லை. ஆனால் நம்பவில்லை என்று சொன்னால் போதுமா? அவளை நம்பவைக்க வேண்டுமே. அவளே தன்மேல் சாட்சி சொல்கிறாள். என் வக்கீல் பேச்சு எடுபடுமா?

பேச்சை விட்டேன். ஒரு பிரஷர் மீட்டர் வாங்கினேன். இன்ஜெக்டருக்குப் போகிற குழாயில் இணைத்து, கண்ணாடிக்கு வெளியே, பானெட்டின் மேல், உள்ளிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒட்டினேன். மீட்டரைப் பார்த்தபடி என் போன். பெடலுக்குக் கீழே, மன்னியின் பாதங்களைப் பார்த்தபடி அண்ணாவின் போன். ரெண்டையும் ஓடவிட்டு, சினிமாக்காரர்கள் மாதிரி ஒரு தடவை கை தட்டினேன் – பின்னால் ரெண்டு வீடியோவையும் அந்தச் சத்தத்தை வைத்துப் பொருத்திக்கொள்ளலாமே.

"ஒரே ஒரு தடவை, மன்னி. எனக்காக."

"உன் பிடிவாதம் உங்க அண்ணாவுக்குக் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்றபடி ஏறினாள்.

அதே மேடு. அதே விக்கல். ஆஃப்.

ஒர்க் ஷாப்பில் ஒரு பெயின்ட் டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்தேன். இடது பக்கம் மீட்டர், வலது பக்கம் பாதம். மெதுவாக ஓடவிட்டேன். முள் மூன்றில் நிற்கிறது. வண்டி மேடேறுகிறது. பாதம் ஆக்ஸிலரேட்டரில் ஒரே சீராக. இடது கால் க்ளட்ச்சின் பக்கத்திலேயே இல்லை. முள் நடுங்குகிறது. ரெண்டு… ஒன்று… விழுகிறது. எஞ்சின் சாகிறது. அதற்கும் பிறகு – நன்றாகப் பிறகு – இடது கால் க்ளட்ச்சைத் தேடிப் போகிறது.

மன்னி குனிந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எடுக்கலையே."

"இல்லை மன்னி."

"திரும்பப் போடு."

போட்டேன்.

"இன்னொரு தடவை."

போட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஜெஸ்டின் அண்ணன் எதையோ தேடுகிறவர் போல் வெளியே போனார். திரும்பி வந்து, "அப்பம் பம்ப் கேடாக்கும்" என்றார்.

கேடு இல்லை. சமதரையில் முள் அசையவே இல்லையே. யோசித்துப் பார்த்தால் பதில் எங்கள் கண் முன்னாலேயே, தோள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வகை பம்ப் தள்ளுவதில் சூரன். உறிஞ்சுவதில் சோனி. பெட்ரோல் தானாக அதற்குள் இறங்கி வரவேண்டும். நாங்கள் அதை டேங்குக்கு மேலே கட்டிவைத்திருந்தோம் – மொட்டை மாடியில் நின்றுகொண்டு, தரையில் இருக்கிற நன்னாரி சர்பத்தை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சு என்பதுபோல. போதாததற்கு, மேடேறும்போது பெட்ரோல் டேங்கின் பின்பக்கம் ஓடிவிடுகிறது. எங்கள் ஸ்ட்ராவின் நுனியோ முன்பக்கம், காற்றில்.

"அப்ப கீழ வெக்கணும்" என்றேன்.

"கீழயா? வெள்ளம் கேறும் மோளே! ஓடையில எறங்குனா முடிஞ்சு" என்று பதறினார் ஜெஸ்டின் அண்ணன்.

"பம்ப் மூடின டப்பா. தண்ணி உள்ள போகாது. பயம் வயர் நுனியிலதான். அதை நான் அடைச்சுத் தரேன்."

"நீ அடைச்சிருவ. போட்டியில நனைஞ்சு நிண்ணா நாட்டுக்காரன் என்னையாக்கும் ஏசுவான்."

ஏசினாலும் சரி என்று இறக்கினோம். பம்ப் ஜீப்பின் அடிச்சட்டத்தின் உட்பக்கம், தாழ்வாக. அதற்கு மேலே ஒரு லிட்டர் பிடிக்கிற சின்ன மூடிய அலுமினியப் பாத்திரம். கார்புரேட்டர் காலத்தில் போட்டிருந்த பழைய, அழுத்தம் குறைந்த எலெக்ட்ரிக் பம்ப்பை நான் தூக்கிப் போடவில்லை. அதன் வேலை இப்போது டேங்கிலிருந்து எடுத்து அந்தப் பாத்திரத்தை எந்நேரமும் நிரப்பி வைப்பது மட்டும். மேட்டில் டேங்க் கைவிட்டாலும் பாத்திரத்தில் இருப்பது போதும். புது பம்ப் அதிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

மன்னிக்குச் சட்டென்று புரிந்தது. "பைப்புல தண்ணி நிக்கறதுக்கு முன்னாடி குடத்துல பிடிச்சு வெக்கற மாதிரி. இதுக்கா இத்தனை இங்கிலீஷ் வீடியோ பார்த்தே?"

ஆக, எந்த பம்ப் என்ற கேள்விக்கு விடை, ரெண்டு பம்ப். மறுபடியும் அதே மண்மேடு. முள் மூன்றில் கொடிமரம் மாதிரி நின்றது. வயரை நான் அடைத்த லட்சணத்தைப் பார்க்க ஜெஸ்டின் அண்ணன் ஹோஸ் பைப்பைப் பிடித்து அடித்துக்கொண்டே இருந்தார். எஞ்சின் அசரவில்லை. அவர்தான் தொப்பலாக நனைந்தார்.

போன ஞாயிறு போட்டி.

விடாத தூறல். மன்னி ஓடையில் இறங்கியபோது ஜெஸ்டின் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் அடிச்சட்டத்துக்கு மேலே ஏறியது. ஜீப் மறுகரையில் குதித்து ஏறியபோது, "கெடக்குதா, போவுதா?" என்று என்னைக் கேட்டார். போகிறது! பாறைகள் மேல் மன்னி ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி வைத்துப் போனாள். அதுவரை வந்த யாரும் அந்த வேகத்தில் அங்கே கடக்கவில்லை.

கடைசிச் சரிவு. "ஆஃப் சேச்சி வந்நு!" என்றது மைக். கூட்டம் போனை உயர்த்தியது.

ஜீப் ஏறியது. பாதி தூரம். வழக்கமாக அணைகிற இடம்…

நின்றது.

"ஆஃப்!" என்றது மைக். கூட்டம் 'ஓ'வென்றது. வயர் நுனியா? பாத்திரமா? எதை விட்டேன்?

அப்புறம்தான் கேட்டேன். டுகு டுகு டுகு டுகு. சீராக, அலட்டல் இல்லாமல், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மன்னி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"அல்ல… ஆஃப் ஆயில்லா! எஞ்சின் ஓடுன்னுண்டு! சேச்சி எந்தா நிர்த்தியே?" மைக்குக்கே குழப்பம். ஏன் நிறுத்தினாள்?

கடிகாரம் ஓடியது. கூட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. தூறலும் அந்த எஞ்சினும் மட்டும். எல்லோரும் கேட்டாயிற்று என்று தெரிந்ததும் மன்னி பிரேக்கை விட்டாள். ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் அந்தச் செங்குத்திலிருந்தே கிளம்பி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நான் சேற்றில் விழுந்து எழுந்து மேலே ஓடினேன்.

"என்ன மன்னி இது! நிக்காம வந்திருந்தா கப் நமக்குத்தானே!"

"ஜெயிச்சிருந்தா அதிர்ஷ்டம்னு சொல்லியிருப்பா, காயு." ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நின்னாத்தானே அவா காதுல எஞ்சின் விழும்?"

நாலாவது இடம். கப் இல்லை. நான் இதுவரை வாங்கிய எந்தச் சான்றிதழையும் சட்டம் போட்டு மாட்டியதில்லை. அந்தச் சரிவின் நடுவில் நின்ற ஜீப்பின் போட்டோவை நேற்று மாட்டியிருக்கிறேன். ஜெஸ்டின் அண்ணனும் ஒர்க் ஷாப்பில் ஒரு காப்பி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் பம்ப் இருக்குமிடத்தைத் தொட்டுக் காட்டி, "கீழயாக்கும் வெச்சிருக்கோம்" என்கிறாராம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போட்டி முடிந்ததும் நாலைந்து ஜீப்காரர்கள் எங்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு கீழே குனிந்து பார்த்தார்கள். மைக் பிடித்தவரும் வந்தார். சேறு அப்பிய முகத்தோடு ஓட்டியவள் அங்கேயே நிற்கிறாள். கையெல்லாம் கிரீஸோடு நான் நிற்கிறேன். அவர் நேராக, வெள்ளைச் சட்டை கசங்காமல் நின்ற அண்ணாவிடம் போனார்.

"சேட்டா, இது ஏதா பம்ப்?" இது எந்த பம்ப் என்கிறார்.

அண்ணா பதறாமல் எங்கள் பக்கம் கையைக் காட்டினான். "எனக்கென்ன தெரியும்? அவா ரெண்டு பேரையும் கேளுங்கோ. நான் வேடிக்கை பார்க்க வந்தவனாக்கும்."

வழியில் எங்காவது வண்டி நின்றுபோய்விட்டால் முதலில் பம்ப்பைப் பாருங்கள். ஓட்டுகிறது யார் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்!